குதிக்கால் இரத்தப் பரிசோதனையும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லண்டனில் குழந்தை பெறும் தமிழ்க் குடும்பங்களுக்கு மருத்துவமனைகளில் மொழிபெயர்த்து உதவுவது என் வேலை. ஈழத்திலிருந்து வந்தவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களையே என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும், கேட்க வேண்டிய மருத்துவர் அறையை விட்டுப் போன பிறகுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தந்திருக்கிறேன். நடைமுறை விவரங்கள் பிரிட்டனுக்கு உரியவை. உங்கள் குழந்தைக்கு வந்த முடிவின் பொருளை அந்தக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவக் குழுதான் சொல்ல முடியும். அவர்களிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்கு இது உதவும்.

பிள்ளை பிறந்து அஞ்சாம் நாள் குதிக்காலில குத்தி இரத்தம் எடுக்கினம். அது என்னத்துக்கு?

வெளியே தெரியாமல் உடலுக்குள் இருக்கும் சில அரிய நோய்களை, அவை தீங்கு செய்யத் தொடங்குவதற்கு முன்பே தேடிப் பார்ப்பதற்காக. சிக்கிள் செல் நோய், பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்திருப்பது, உணவிலுள்ள சில பொருள்களை உடலால் கையாள முடியாத பரம்பரை நோய்கள் ஆகியவற்றோடு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் (சுருக்கமாக சி.எஃப்.) அந்தப் பட்டியலில் இருக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான பரிசோதனை 2007 முதல் பிரிட்டன் முழுவதிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப்படுகிறது. மிட்வைஃப் (பிரசவத் தாதி) குதிக்காலின் ஓரத்தில் குத்தி, ஓர் அட்டையில் அச்சிட்டிருக்கும் நான்கு வட்டங்களிலும் இரத்தத்தை ஊற விடுவார். உலர்ந்த அட்டை ஆய்வகத்துக்குப் போகும். அட்டையில் இரத்தத்தை உலர்த்திச் சோதிக்கும் இந்த முறையை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி வேறொரு நோய்க்காக உருவாக்கினார்.

நாள் கணக்கில் பலருக்குக் குழப்பம் வருகிறது. நம் வழக்கில் பிறந்த நாளையே முதல் நாளாக எண்ணுவோம். இங்கே பிறந்த நாளைப் பூச்சியமாக வைத்து அடுத்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஆகவே திங்கட்கிழமை பிறந்த குழந்தைக்குச் சனிக்கிழமைதான் ஐந்தாம் நாள்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் எண்டா என்ன வருத்தம்?

நம் உடலின் உள்வழிகளை ஈரமாக வைத்திருக்கும் சளியும் சுரப்பு நீர்களும் இயல்பில் இளக்கமாக ஓட வேண்டும். அந்த ஈரத்துக்கு உப்பும் நீரும் உயிரணுக்களின் சுவரைக் கடந்து போய் வர வேண்டும். உப்பின் ஒரு கூறான குளோரைடு கடந்து போகும் வாயிலை அமைக்கும் புரதத்தை உருவாக்கும் மரபணு ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. 1989இல் கண்டறியப்பட்ட அந்த மரபணுவின் பெயர் சி.எஃப்.டி.ஆர். இது பழுதானால் சுரப்புகள் பிசினாகத் தடித்து வழிகளை அடைக்கின்றன. நுரையீரலில் சளி தேங்கிக் கிருமிகள் குடியேறுகின்றன. கணையத்தின் குழாய்கள் அடைபட்டு, கொழுப்பைச் செரிக்கும் நொதிகள் குடலுக்கு வந்து சேர்வதில்லை.

இது தொற்றுநோய் அன்று. கர்ப்ப காலத்தில் தாய் சாப்பிட்ட எதனாலும், செய்த எதனாலும் வருவதும் அன்று. கேட்பவர் பெரும்பாலும் இளம் தாய் என்பதாலும், வீட்டில் பெரியவர்கள் தேடும் காரணம் அவள்மேல்தான் போய் நிற்கும் என்பதாலும், இதை ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்கிறேன்.

இது வெள்ளைக்காரருக்கு வாற நோய்தானே? எங்கட பிள்ளையளுக்கு ஏன் பார்க்கினம்?

ஐரோப்பிய வழியினரிடம் இது அதிகம் என்பது உண்மை. பிரிட்டனில் ஏறத்தாழ 2,500 குழந்தைகளில் ஒன்று இந்த நோயோடு பிறக்கிறது. ஆனால் இந்தியாவிலும் இலங்கையிலும் இந்த நோயுள்ள குழந்தைகள் இருக்கிறார்கள். அங்கே மீண்டும் மீண்டும் வரும் நிமோனியா என்றும், சத்துக்குறைவு என்றும், காசநோய் என்றும் கருதப்பட்டு, உண்மையான நோய் தெரியாமலே போகும் வாய்ப்பு அதிகம். தேடாத இடத்தில் ஒரு நோய் அரிதாகத்தான் தெரியும். ஆகவே ‘நம்மவர்களுக்கு வராது’ என்று சொல்லி இந்தப் பரிசோதனையைத் தள்ளிவிடுவதை நான் வன்மையாக மறுக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. சி.எஃப்.டி.ஆர் மரபணுவில் இதுவரை 2,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியுள்ளன. ஐரோப்பியரிடம் மிகப் பரவலாக உள்ள எஃப்508டெல் என்ற மாற்றம் தெற்காசியரிடம் அந்த அளவுக்குக் காணப்படுவதில்லை. நம்மிடம் அரிய மாற்றங்களின் பங்கு கூடுதல். பரிசோதனை எதைப் பிடிக்கும், எதைத் தவறவிடும் என்பதில் இது முக்கியமாகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் யாருக்குமே இது இல்லையே. எப்படி வரும்?

ஒவ்வொருவரிடமும் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இரண்டும் பழுதாக இருந்தால்தான் நோய். ஒன்று மட்டும் பழுதானவரை ‘தாங்கி’ என்கிறோம். மருத்துவமனைக் கடிதங்களில் ‘கேரியர்’ என்று வரும். தாங்கிகள் நலமாகவே இருப்பதால், தலைமுறை தலைமுறையாக யாருக்கும் தெரியாமல் அந்தப் பழுது கடந்து வரும். தாங்கி ஒருவர் இன்னொரு தாங்கியை மணக்கும்போது, ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வருகிறது. பிரிட்டனில் சுமார் 25 பேரில் ஒருவர் தாங்கி. 25ஐ 25ஆல் பெருக்கி, அதை நான்கால் பெருக்கினால் 2,500. முந்தைய பதிலில் சொன்ன எண் இப்படித்தான் வருகிறது.

சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கணவர் தாங்கியாக இருந்து, மனைவி அவருடைய மாமன் மகளாகவோ அத்தை மகளாகவோ இருந்தால், அவளும் அதே பழுதைத் தாத்தா பாட்டி வழியாகப் பெற்றிருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. தாய்மாமனை மணந்த பெண் தாங்கியாக இருந்து, அந்தப் பழுது அவளுடைய தாய் வழியில் வந்திருந்தால், மாமனும் தாங்கியாக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பழுது எந்த வழியில் வந்தது என்று தெரியாதபோது நான்கில் ஒன்று என்று கொள்ளலாம். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மருத்துவர் ‘நீங்கள் உறவுக்காரரா’ என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

குழந்தை நல்லா பால் குடிக்குது, எடையும் ஏறுது. இப்பவே ஏன் தேடணும்? நோய் தெரிஞ்சப்புறம் பார்த்தா ஆகாதா?

நோயின் அறிகுறிகள் வெளியே தெரிவதற்குள் குழந்தை நிறைய இழந்துவிடும். கொழுப்பு செரிக்காததால் எடை தேங்கும்; கொழுப்போடு சேர்ந்தே உட்கிரகிக்கப்படும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறையும்; நுரையீரலில் கிருமி பதிந்துவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1985இல் தொடங்கிய ஆய்வு இதற்கான வலுவான சான்றைத் தந்தது. பிறந்தவுடன் பரிசோதனையில் கண்டறியப்பட்ட குழந்தைகளையும், அறிகுறி வந்த பிறகு கண்டறியப்பட்ட குழந்தைகளையும் அங்கே பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஒப்பிட்டார்கள். முன்கூட்டியே கண்டறியப்பட்டவர்களின் உயரமும் எடையும் மேலாக இருந்தன என்ற முடிவு 1997இல் வெளியானது.

ஆய்வுக்கு வெளியே நான் கண்டதும் ஒன்று உண்டு. காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் மருத்துவர் மருத்துவராக அலைந்த பெற்றோர், பெயர் தெரிந்த அன்று ‘இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா’ என்று கேட்பார்கள். அப்போது அதை மொழிபெயர்ப்பதைவிடக் கடினமான வேலை எனக்கு இல்லை.

அந்தச் சொட்டு இரத்தத்தில அப்படி எதைப் பார்க்கினம்?

முதலில் டிரிப்சினோஜன் என்ற பொருளின் அளவைப் பார்க்கிறார்கள். கணையத்தில் உருவாகிக் குடலுக்குப் போக வேண்டிய பொருள் இது. குழாய் அடைபட்டால் அது இரத்தத்தில் கசிந்து சேர்ந்துவிடும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தைகளின் உலர்ந்த இரத்தத்தில் இதன் அளவு கூடியிருப்பதை 1979இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்று உலகில் நடக்கும் பரிசோதனைகள் எல்லாம் அந்தக் கண்டுபிடிப்பின்மேல்தான் நிற்கின்றன.

இந்த அளவு மட்டும் போதாது. கடினமான பிரசவம், குறைமாதம், பிறந்தவுடன் ஏற்பட்ட வேறு உடல்நலக் குறைவு ஆகியவற்றாலும் அது கூடும். அதனால் அளவு மிக அதிகமாக உள்ள குழந்தைகளின் அதே அட்டையிலிருந்து மரபணுவை எடுத்து, பரவலாக அறியப்பட்ட மாற்றங்கள் இருக்கின்றனவா என்று தேடுகிறார்கள். இரண்டு மாற்றங்கள் கிடைத்தால் நோய் இருக்கலாம் என்று உடனே அழைப்பு வரும். ஒன்று மட்டும் கிடைத்தால் இன்னும் விரிவான பட்டியலோடு ஒப்பிடுவார்கள். ஒன்றுமே கிடைக்காமல், டிரிப்சினோஜன் மட்டும் மிக மிக உயர்ந்திருந்தால் இரண்டாவது இரத்த மாதிரி கேட்பார்கள்.

ரெண்டாந்தரமும் இரத்தம் வேணும் எண்டு கூப்பிட்டினம். அப்ப பிள்ளைக்கு வருத்தம் எண்டுதானே அர்த்தம்?

இல்லை. முதலில் காரணத்தைக் கேளுங்கள். இரண்டு வெவ்வேறு காரணங்களுக்காக அழைப்பார்கள். வட்டம் சரியாக நிரம்பவில்லை, அட்டை தாமதமாகப் போய்ச் சேர்ந்தது, குழந்தைக்கு அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டிருந்தது போன்றவை முதல் வகை. இவற்றுக்கும் குழந்தையின் உடல்நலத்துக்கும் தொடர்பில்லை.

முந்தைய பதிலில் சொன்னபடி டிரிப்சினோஜன் உயர்ந்திருந்ததால் கேட்பது இரண்டாவது வகை. பிறந்தபோது எல்லாக் குழந்தைகளிடமும் சற்றுக் கூடுதலாக இருக்கும் இந்த அளவு வாரங்கள் செல்லச் செல்ல இறங்கும்; நோயுள்ள குழந்தையிடம் இறங்காமல் நிற்கும். அதனால்தான் குழந்தைக்கு மூன்று நான்கு வாரம் ஆகும்போது மறுபடி பார்க்கிறார்கள். இப்படி அழைக்கப்படும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு நோய் இருப்பதில்லை.

‘சி.எஃப். இருக்கலாம், நாளைக்கே வாங்க’ன்னு போன் வந்தது. முப்பத்தொண்ணு கழிச்சுப் போனா ஆகாதா?

தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். துடக்குக் கழியாமல் குழந்தையை வெளியே எடுக்க வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதன் பின்னாலுள்ள அக்கறை எனக்குத் தெரியும். ஆனால் சிகிச்சை குழந்தைக்கு ஒரு மாதம் ஆவதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். சோறு பொங்கும்போது அடுப்பை விட்டுப் போக மாட்டோம் அல்லவா. இதுவும் அப்படிப்பட்ட நேரந்தான். சிறப்பு மையத்தில் மருத்துவர், தாதி, உணவு ஆலோசகர், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் ஒரே நாளில் பார்ப்பார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அழைப்பு வந்த உடனேயே கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. உறவினரின் பிள்ளைகளை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். பதினான்கு வயதுச் சிறுமி தன் தாயிடம் சொல்லக்கூடிய செய்தி அன்று இது.

வியர்வைப் பரிசோதனை என்கிறார்களே, பச்சைக் குழந்தைக்கு எப்படி வியர்க்க வைப்பார்கள்? வலிக்குமா?

ஊசி இல்லை. பைலோகார்பின் என்ற மருந்து ஊறிய சிறு பட்டையைக் கையிலோ காலிலோ வைத்து, சில நிமிடங்கள் மெல்லிய மின்னோட்டம் செலுத்துவார்கள். அந்த இடம் சிவந்து கூசும்; அவ்வளவுதான். பிறகு அரை மணி நேரம் அங்கே வியர்வையைச் சேகரிப்பார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் குளோரைடு இருந்தால் நோய் உறுதி. 30க்குக் கீழ் என்றால் நோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இடைப்பட்ட அளவு மேலும் ஆராயப்படும். குழந்தைக்கு இரண்டு வாரம் நிறைந்து, எடை இரண்டு கிலோவைத் தாண்டியிருந்தால் போதிய வியர்வை கிடைக்கும். சில நேரம் அப்போதும் போதாமல் போகும். அப்படியானால் இன்னொரு நாள் செய்வார்கள். அன்று குழந்தையின் கைகால்களில் எண்ணெயோ கிரீமோ பூசாதீர்கள். போர்த்திக் கதகதப்பாகக் கொண்டு போங்கள்.

வியர்வைக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு தாத்தா கேட்டார். நியூயார்க்கில் 1948 கோடையில் அடித்த கடும் வெப்பத்தில், இந்த நோயுள்ள குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமாகச் சோர்ந்து விழுந்ததைப் பால் டி சாண்ட்அக்னீஸ் என்ற மருத்துவர் கவனித்தார். அவர்களுடைய வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதை 1953இல் எழுதினார். இன்று செய்யப்படும் பரிசோதனை முறை 1959இல் வந்தது. உச்சி முகர்ந்து முத்தமிடும்போது குழந்தையின் நெற்றி கரிக்கிறது என்று ஒரு தாய் சொன்னால், அதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்வேன்.

‘கேரியர்’ எண்டு கடிதம் வந்திருக்கு. பிள்ளைக்குப் பிறகு வருத்தம் வருமோ?

தாங்கி வளர்ந்து நோயாளியாக மாறுவதில்லை. இதற்கு மருந்தோ பத்தியமோ தேவையில்லை. மரபணு சார்ந்த செய்தி இரண்டுதான்: பெற்றோரில் குறைந்தது ஒருவர் தாங்கி, குழந்தை வளர்ந்து பிள்ளை பெறத் திட்டமிடும்போது துணையையும் பரிசோதிப்பது நல்லது.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு மாற்றம் கிடைத்தது என்பது, தேடிய பட்டியலுக்குள் ஒன்று கிடைத்தது என்றே பொருள்படும். பட்டியலில் இல்லாத அரிய மாற்றம் மற்றப் பிரதியில் இருக்கச் சிறு வாய்ப்பு எஞ்சுகிறது. நம்மிடம் அரிய மாற்றங்கள் கூடுதல் என்று மேலே சொன்னதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். கடிதம் வந்த பிறகும் எடை ஏறவில்லை, மலம் எண்ணெய்ப் பசையோடு மிகுந்த நாற்றத்துடன் போகிறது, இருமல் விடவில்லை என்றால், வியர்வைப் பரிசோதனை செய்யலாமா என்று குடும்ப மருத்துவரிடம் (ஜி.பி.) கேளுங்கள்.

நார்மல்னு வந்துடுச்சு. அப்போ நூறு சதவீதம் இல்லைன்னு வெச்சுக்கலாமா?

முடியாது. இது சல்லடை, சிலர் அதில் நழுவிப் போவார்கள். கணையம் ஓரளவு நன்றாக வேலை செய்யும் மிதமான நோயில் டிரிப்சினோஜன் உயராமல் இருக்கலாம். பிறந்த குழந்தையின் முதல் கரிய மலம் பிசினாகக் குடலை அடைத்துக்கொண்டால், அந்தக் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை தவறலாம். அப்படி அடைப்பு வந்தால், இரத்தப் பரிசோதனை முடிவு என்னவாக இருந்தாலும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்காகத் தனியாகப் பார்ப்பார்கள். ‘பிறந்தபோதே பார்த்தாச்சு’ என்ற ஒரு வரி, பின்னால் தோன்றும் அறிகுறியை யாரும் கவனிக்காமல் விடக் காரணமாகிவிடக் கூடாது.

இருக்குன்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. இதென்ன முடிவு?

எல்லாக் கேள்விகளிலும் பதில் சொல்ல மிகக் கடினமானது இதுதான். பரிசோதனையில் சிக்கிய குழந்தைகளில் சிலருக்கு வியர்வை அளவு இடைப்பட்டு நிற்கும், அல்லது நோய் தருமா என்று உறுதியாகச் சொல்ல முடியாத மரபணு மாற்றம் இருக்கும். இந்த நிலைக்கு மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ‘பரிசோதனையில் தெரிந்தது, ஆனால் நோய் முடிவாகவில்லை’ என்பது அதன் பொருள். இவர்களில் பெரும்பாலானோர் நலமாகவே வளர்கிறார்கள். சிலருக்கு ஆண்டுகள் கழித்து நோய் உறுதியாகிறது. அதனால் குறிப்பிட்ட இடைவெளிகளில் வரச் சொல்வார்கள்.

இந்த நிச்சயமின்மை பெற்றோரை வாட்டுகிறது. இந்தப் பரிசோதனையின் உண்மையான விலை இது என்றே நான் நினைக்கிறேன். இதை மறைத்துவிட்டு அதன் நன்மையை மட்டும் பேசுவது நேர்மையாகாது. குழந்தையை நோயாளிபோல் பொத்தி வளர்க்காதீர்கள். அதே நேரம் வரச் சொன்ன நாளைத் தவறவிடாதீர்கள்.

உறுதியாச்சுன்னா குழந்தைக்கு என்ன பண்ணுவாங்க? எவ்வளவு காலம் இருக்கும்?

கணையம் வேலை செய்யாத குழந்தைக்கு ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் நொதி மருந்து கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. சைவக் குடும்பங்களும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன். நான் அறிந்த குடும்பங்கள், உயிர்காக்கும் மருந்து என்ற முறையில் தங்கள் பெரியவர்களைக் கேட்டுத் தெளிந்து ஏற்றுக்கொண்டன. இவற்றோடு வைட்டமின்கள், சளியை வெளியேற்றும் பிசியோதெரபி, கிருமி பதியாமல் தடுக்கும் ஆன்டிபயாட்டிக் ஆகியவையும் உண்டு. வெயில் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போகத் திட்டமிட்டால் உப்பு இழப்பைப் பற்றி மருத்துவக் குழுவிடம் கட்டாயம் பேசுங்கள். சிறு குழந்தைகளுக்கு அது ஆபத்தாகலாம்.

பழுதான புரதத்தையே சீராக்கும் மாத்திரைகள் 2012 முதல் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் மிகப் பரவலாகப் பயன்படும் காஃப்ட்ரியோ 2020இல் இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் கிடைக்கத் தொடங்கியது. யாருக்குப் பயன்படும் என்பதை மரபணு மாற்றமே தீர்மானிக்கிறது. அரிய மாற்றம் உள்ளவர்களுக்குப் பயன்படாமலும் போகலாம். 1950களில் இந்த நோயுள்ள குழந்தைகளில் பலர் பள்ளிக்குப் போகும் வயதுவரை வாழவில்லை. இன்று பிரிட்டனில் பிறப்பவர்களில் பாதிப் பேரேனும் 50 வயதைக் கடப்பார்கள் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

பிள்ளை ஊரில பிறந்தது. மூண்டு மாசத்தில இங்க கொண்டு வந்திட்டம். இப்ப செய்யலாமோ?

மற்ற நோய்களுக்கான இரத்தப் பரிசோதனையை ஒரு வயது நிறையும்வரை செய்யலாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு மட்டும் எட்டு வாரமே எல்லை, ஏனென்றால் முன்பு சொன்னதுபோல் டிரிப்சினோஜன் இறங்கிவிடும். அதன்பின் அளந்தால் முடிவை நம்ப முடியாது. இந்தியாவில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இதைச் செய்யும் தேசியத் திட்டம் இல்லை என்பதால், அங்கே செய்திருப்பார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். எட்டு வாரம் கடந்த குழந்தைக்குச் சந்தேகம் இருந்தால் நேராக வியர்வைப் பரிசோதனைதான். அதற்கு வயது எல்லை இல்லை.

வேண்டாம்னு சொல்லலாமா? அந்த அட்டையை என்ன செய்வாங்க?

சொல்லலாம், இது கட்டாயமன்று. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் சம்மதிக்கவும் முடியும். அட்டையை இங்கிலாந்தில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பாதுகாத்து வைக்கிறார்கள். ஆராய்ச்சி தொடர்பாக உங்களைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று விரும்பினால் இரத்தம் எடுக்கும்போதே மிட்வைஃபிடம் சொல்லிவிடலாம்.

அடுத்த பிள்ளைக்கும் வருமோ? தங்கச்சிக்குக் கலியாணம் பேசுற நேரம், சொந்தக்காரருக்குச் சொல்லத்தான் வேணுமோ?

அடுத்த குழந்தைக்கும் அதே நான்கில் ஒன்றுதான். முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்தவர் தப்பிவிடுவார் என்ற கணக்குச் சரியன்று. கருவிலேயே பரிசோதிக்கவும், நோயில்லாத கருவைத் தேர்ந்து கருப்பையில் வைக்கவும் வழிகள் உள்ளன. எதைத் தேர்வது, எதையும் தேர்ந்தெடுக்காமல் விடுவது என்பதெல்லாம் உங்கள் இருவருடைய முடிவு. மரபணு ஆலோசகர் விளக்குவாரே தவிர வற்புறுத்த மாட்டார்.

சொந்தக்காரரைப் பற்றி: நோயுள்ள குழந்தையின் தாய் தாங்கி; ஆகவே அவருடைய தங்கை தாங்கியாக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. கலியாணம் குழம்பிவிடும் என்ற பயத்தைச் சிறிதாக நான் எண்ணவில்லை. இருந்தாலும், தங்கைக்கு ஒரு சிறு பரிசோதனை போதும். அவள் தாங்கி என்றாலும், மாப்பிள்ளை தாங்கி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தால் பிள்ளைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு மிகச் சிறியது. மணமகனும் மணமகளும் உறவுக்காரராக இருக்கும்போதுதான் இது மிக அவசரமாகிறது. ஊரெல்லாம் அறிய வேண்டியதில்லை. மருத்துவமனை உறவினருக்குக் கொடுப்பதற்கென்றே எழுதித் தரும் கடிதத்தைக் கேட்டு வாங்கி, தங்கையின் கையில் மட்டும் கொடுங்கள்.